கல்யாணமானால் நட்சத்திரம் உதிர்ந்துவிடுமா?

கேள்வி: மகன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. படையில் இருப்பவரின் குடும்பத்தார் வீட்டில் வைக்கும் சேவைக் கொடியை, ஒற்றை நீல நட்சத்திரம் போட்டதாக, வாங்கியிருக்கிறேன். வாசலில் கம்பம் நட்டு ஏற்றுவதா, பூஜை அறையில் வைப்பதா? நட்சத்திரத்தைச் சுற்றி ஜரிகை தைத்தால் எடுப்பாக இருக்குமா? மகளும் நாலு வருஷமாகக் கடற்படையில்தான் இருக்கிறாள். கல்யாணமாகிவிட்டதால் அவளுக்கான கொடியை மாமியார் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்.
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: கம்பமும் ஜரிகையும் இருக்கட்டும். மகளைப் போகிறபோக்கில் மாமியார் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

மாமியார் அந்தக் கொடியை வைக்க முடியாது. யாரெல்லாம் வைக்கலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பட்டியலே போட்டிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். தத்தெடுத்தவர்கள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை உண்டு. மாமனார், மாமியார் இல்லை. மகளுக்குக் கல்யாணமானாலும் நீங்கள் பெற்றோர்தான். தாரைவார்த்துக் கொடுத்தாயிற்று என்ற கணக்கு இந்தப் பட்டியலில் செல்லாது. என்னைக் கேட்டால் நம்மூரிலும் செல்லக்கூடாது. நாலு வருஷம் ஜன்னல் காலி. தம்பி சேர்ந்த ஆறாம் மாதம் கொடி வந்துவிட்டது. லீவில் வருகிற பெண்ணின் கண்ணில் அது படாதா?

1917-ல் ஒஹையோவைச் சேர்ந்த ராணுவ கேப்டன் ராபர்ட் க்வைஸர் இந்தக் கொடியை உருவாக்கியதே படையில் இருந்த தன் இரண்டு மகன்களுக்காக. ஆளுக்கொரு நட்சத்திரம் என்பதுதான் ஆரம்பம் முதல் வழக்கம். ஆகவே உங்கள் வீட்டுக்கு வேண்டியது இரண்டு நட்சத்திரக் கொடி. வெள்ளைத் துணி, சிவப்புக் கரை, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு நீல நட்சத்திரம். மேலே இருப்பது பெரிய பதவி, கீழே இருப்பது சின்னது என்றெல்லாம் கிடையாது. அகலம் 10 அங்குலம் என்றால் நீளம் சுமார் 19.

ஜரிகையை மறந்துவிடுங்கள். பொன் நட்சத்திரம் என்றால் பணியில் இருக்கும்போது உயிர்போனவர் என்று பொருள். நீலத்தின்மேல் சற்றே சிறிய பொன் நட்சத்திரத்தை வைத்து, ஓரத்தில் நீலம் தெரியும்படி தைப்பார்கள். நீலமும் பொன்னும் சேர்ந்து தெரிந்தால், பார்ப்பவர் துக்கம் விசாரிக்க வந்து நிற்பார்.

கம்பமும் வேண்டாம், பூஜை அறையும் வேண்டாம். தெருவைப் பார்த்த ஜன்னலில், கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே, முகப்பு வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். துணி ஒட்டினால் பூசணம் பிடிக்கும், ஓர் அங்குலம் தள்ளியே இருக்கட்டும். மேற்கு வெயில் படும் ஜன்னல் என்றால் நீலம் சீக்கிரம் வெளுக்கும், வெளுத்ததும் மாற்றிவிடுங்கள். கூடவே தேசியக் கொடியும் வைத்தால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் இருக்கவேண்டும். சேவைக் கொடி அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

வாங்கிவிட்ட ஒற்றை நட்சத்திரக் கொடியை வீணாக்கவேண்டாம். மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள். மனைவிக்காக அவர் வைக்கலாம். அவருக்கு ஒன்று போதும்.