ஆட்சியாளர்கள் மீது மக்களுக்கு ஏன் இவ்வளவு அதிருப்தி? ஒரு நாடு நியாயமான வளத்தை அடைவது எப்படி?

நாட்டின் வருமானம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். அதன் பயன் சாதாரண வீடுவரை வர வேண்டும். இதுதான் நியாயமான வளம்.

எங்கள் திருகோணமலைக் கரைவலையைப் பாருங்கள், கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் மீன்பிடி அது. வலையும் தோணியும் சம்மாட்டி எனப்படும் முதலாளியுடையவை, இழுப்பவர்கள் பலர். மீன் கரையேறியதும் எல்லோர் கண்முன்னாலும் விற்று, செலவைக் கழித்துப் பங்கு பிரித்தால், மீன்பாடு குறைந்த நாளில்கூட மனம் வருந்துமே தவிர சண்டை வராது. கணக்கை மறைத்தால் மறுநாள் கயிறு பிடிக்க ஆள் இருக்காது.

நாடும் அப்படித்தான். இலங்கையில் 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை (VAT) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போனது. முடிவெடுத்தது சிலர், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது சனம். அந்த மே மாதம் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச இங்குள்ள கடற்படைத் தளத்துக்கு வந்தபோது, வாசலிலேயே மக்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

வளம் மட்டும் போதாது. அருமையான இயற்கைத் துறைமுகம் எங்களிடமும் இருக்கிறதே! நோர்வே 1990இல் சட்டம் இயற்றி எண்ணெய் வருமானத்துக்கென ஒரு நிதியம் அமைத்தது. அதன் கணக்கை யாரும் பார்க்கலாம்.

அப்புறம், நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே வருமானம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கரைவலையிலும் சம்மாட்டிக்குப் பங்கு கூடத்தான், ஆனால் அது எவ்வளவு என்று கயிறு இழுப்பவருக்கும் தெரியும்.