16 வயதுப் பையனைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் இருக்கும் 16 வயதுப் பையனைக் கடையில் சேர்த்தால் வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பாத்திரக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேர்க்கலாம். ஆனால் கடையில் கூட்டம் இருக்கும் நேரமும் சட்டம் அனுமதிக்கும் நேரமும் ஒத்துப்போகா.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் நடிப்பதற்கும் மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. 14 முடிந்து 18 நிறையாதவர்களை வளரிளம் பருவத்தினர் என்று தனியே வகுத்து, சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான ஆலைப் பணிகள் ஆகியவற்றில் அவர்களைச் சேர்க்கவும் தடை விதித்திருக்கிறார்கள். அதனால்தான் 17 வயதுப் பையன் சிவகாசியில் பட்டாசு ஆலைக்குள் வேலை பார்க்க முடியாது, என் கடையில் பார்க்கலாம். இந்தத் தடைகளை மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

உங்களுக்கு உண்மையில் இடிக்கப்போவது நேரக் கணக்குதான். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், அந்த ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாலை 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. மிகைநேர வேலையும் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை.

சென்ற வைகாசியில் எங்கள் தெருப் பையன் ஒருவனைக் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வைத்திருந்தேன். விலைச்சீட்டு ஒட்டுவது, குத்துவிளக்குகளைத் துடைத்து அடுக்குவது, சீர்வரிசைப் பட்டியலைச் சரிபார்ப்பது அவன் வேலை. பெயர் வெட்டும் கருவியைத் தொட விடவில்லை. அது சட்டத்துக்குப் பயந்து அல்ல, என் சொந்த முடிவு. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து இறங்குவார்கள். இரவு 9 மணி வரை கல்லாவில் நானும், தட்டுகளை ஏறி இறங்கி எடுத்துக் கொடுக்க என் மனைவியும்தான். பக்கத்துக் கடைக்காரர், "இதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஒரு ஆளு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பலர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பையன்களைச் சேர்ப்பதே இல்லை. சிலர் சேர்த்துக்கொண்டு, கேட்டால் 18 முடிந்துவிட்டது என்கிறார்கள். இரண்டாவது வகையில் மாட்டும் பையனுக்கு ஓய்வுமில்லை, நேரக் கட்டுப்பாடுமில்லை. எனவே நேர வரம்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்றாலும்.

சேர்ப்பதாக முடிவெடுத்தால், சேர்த்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பெயர், பிறந்த தேதி, வேலையின் தன்மை, வேலை நேரம், ஓய்வு நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்றும் வேண்டும். வயதுச் சான்று இல்லாத நிலையில் தகராறு எழுந்தால் மருத்துவ அதிகாரி வரை போகும் என்பதால், பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலை முதல் நாளே வாங்கிப் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள்.