‘எலும்பு எங்கே?’ – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,
கனடாவில் இருக்கும் மச்சான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார். அங்கே கம்லூப்ஸ் என்ற ஊரின் பழைய விடுதிப் பள்ளி வளவில் ஒரு எலும்புகூட எடுக்கவில்லையாம். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த அந்த விடுதிப் பள்ளிகளில் அவர்கள் செத்ததெல்லாம் கட்டுக்கதையாம். அந்தக் காலத்தில் காசநோய் எல்லாரையும்தான் கொண்டுபோனது என்று வேறு எழுதுகிறார். என்ன பதில் போடலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

வீடியோவில் சரியாக இருப்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் கம்லூப்ஸில் 215 புதைகுழிகள் என்று அறிவித்தது, நிலத்தடியைப் பார்க்கும் ராடார் தேடலின் முடிவு. ஜூலையில் அதை ஏறத்தாழ 200 என்று திருத்தினார்கள். ராடார் எலும்பைக் காட்டாது, கிளறிய மண்ணைத்தான் காட்டும். மரவேரும் பழைய குழாய்ப் பள்ளமும்கூடச் சிலவேளை அப்படித்தான் தெரியும். ஆகவே ‘புதைகுழியாக இருக்கலாம்’ என்பதே சரி. பலரை ஒன்றாகப் புதைத்த ‘மனிதப் புதைகுழி’ என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் மறுப்பவர்களுக்கு நல்ல உதவி செய்தன.

ஆனால் சாவுக் கணக்குக்கும் அந்த ராடாருக்கும் சம்பந்தமே இல்லை. விடுதிப் பள்ளிகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இலேயே ஆவணங்களிலிருந்து ஏறத்தாழ 3,200 சாவுகளை எடுத்துக் காட்டிவிட்டது. ‘அப்படியென்றால் பெயரைக் காட்டு’ என்பார் மச்சான். மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரே பதியவில்லை, பாதிக்குக் காரணமும் பதியவில்லை. அதற்கு மேல் 1936க்கும் 1944க்கும் இடையில் இந்தியர் விவகாரத் திணைக்களம் (அங்கே ‘இந்தியர்’ என்றது பழங்குடியினரை) 2 இலட்சம் கோப்புகளை அழித்தது. எனவே அந்த 3,200 குறைந்தபட்சக் கணக்கு.

காசநோய் என்றால் விகிதத்தைக் கேளுங்கள். 1941–45இல் விடுதிப் பள்ளிகளின் சாவு விகிதம் அதே வயதுக் கனேடியப் பிள்ளைகளுடையதைப்போல 4.9 மடங்கு. 1907இல் திணைக்களத்தின் சொந்த வைத்திய அதிகாரி பீற்றர் பிறைஸ், 15 பள்ளிகளின் 1,537 மாணவர்களில் ஏறத்தாழ 24 வீதத்தினர் இறந்துபோனதை எழுதிக் கொடுத்தார். காற்றோட்டமில்லாத படுக்கையறைகளையும் குறித்தார். நோய்தான் கொன்றது, சரி. நோயுள்ள பிள்ளையையும் சுகமான பிள்ளையையும் ஒரே அறையில் அடைத்தது ஆர்?

வீடியோவைத் திரும்பப் பகிராதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு கூற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆணைக்குழு அறிக்கையின் 4ஆம் தொகுதியில் உரிய பக்கத்தைப் படமாகப் போடுங்கள். லிங்க் போட்டால் ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வாகரைப் பக்கம் ‘வேடர் இப்ப எங்க இருக்காங்க?’ என்பவர்களும் குடிசன மதிப்பீட்டைத்தான் நீட்டுவார்கள்: இலங்கை முழுவதும் வேடர் 1946இல் 2,361, 1953இல் 803. ஏழு வருடத்தில் அத்தனை பேர் செத்துப்போகவில்லை. பெரும்பாலானோரைச் சிங்களவர் அல்லது தமிழர் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.