யார் தயவிலும் இல்லை

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலக் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய விறகைத் திருப்பி அனுப்பிவிட்டு, தான் யாருக்கும் 'பிஹோல்டன்' ஆக இருக்க விரும்பவில்லை என்கிறார் ஒரு கிழவர். அகராதி சொல்கிறபடி 'நன்றிக்கடன்பட்டவன்' என்று போட்டால் கிழவர் நன்றிகெட்டவர் மாதிரி ஆகிவிடுகிறார். 'பிஹோல்ட்' என்றால் 'பார்' என்றுதானே பொருள்? பார்ப்பதற்கும் நன்றிக்கும் என்ன சம்பந்தம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது 'ஹோல்ட்', அதாவது பிடி. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலவினைக்குப் பிடித்து வைத்திருப்பது, காப்பது என்றெல்லாம் பொருள். ஜெர்மனில் 'பெஹால்டன்' என்றால் இன்றைக்கும் 'வைத்துக்கொள்வது'தான். காப்பவன் கண் வைத்திருக்க வேண்டும் இல்லையா, அப்படித்தான் ஆங்கிலத்தில் அது பார்ப்பதாக மாறியது. (நாம் 'வீட்டைப் பார்த்துக்கொள்' என்கிறோம், அதே பாதையில் எதிர்த்திசையில் வந்திருக்கிறோம்.) வினை கண்ணோடு போய்விட்டது, அதன் பழைய எச்சமான 'பிஹோல்டன்' மட்டும் இன்னொருவர் பிடியில் இருப்பவன் என்ற பொருளில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து தனியாக நிற்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இதையே 'பிஹோல்டிங்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி கூட்டத்தைப் பார்த்து, புரூட்டஸின் பொருட்டு உங்களுக்கு 'பிஹோல்டிங்' ஆனேன் என்பான்.

'கடமைப்பட்டிருக்கிறேன்' என்று சொல்ல ஆங்கிலத்தில் வரும் 'ஒப்ளைஜ்டு' இதற்குப் பங்காளி. லத்தீனில் 'கட்டு' என்ற வினையிலிருந்து வந்தது, போர்ச்சுகீசியர் நன்றி சொல்லும் 'ஒப்ரிகாடு'வும் அதே வேர்தான். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'பிஹோல்டன்' பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வருகிறது, அல்லது தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குக் கட்டுப்பட்ட அரசியல்வாதியைத் திட்ட வருகிறது. அங்கே நன்றி ஏது?

என் பாட்டி பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் காப்பிப்பொடி வாங்கினால் தலைதட்டி வாங்குவாள், திருப்பிக் கொடுக்கும்போது கும்பாரமாகக் கொடுப்பாள். அன்பெல்லாம் இல்லை, கணக்கு தீர வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கிழவரும் அந்த ஜாதி. 'கடன்பட்டவன்' என்றால் வட்டிக்கடை ஞாபகம் வரும், 'நன்றி' வேண்டவே வேண்டாம். 'யார் தயவிலும் நான் இல்லை' என்று சொல்லட்டும். கதையின் பின்பகுதியில் அவரே அதே சொல்லைத் தணிந்த குரலில் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அந்த ஓர் இடத்தில் மட்டும் 'கடமைப்பட்டிருக்கிறேன்' பொருந்தும்.