அண்ணன் வாங்கிய பழைய .375 ரைபிளை எருமை வேட்டைக்கு எப்படித் தயார் செய்வது? எந்த ஸ்கோப் மாட்டலாம்?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். அண்ணன் தென்னாப்பிரிக்காவில் வேலையில் இருக்கிறார். மவுசர் 98 அமைப்பில் ஒரு பழைய .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைபிள் வாங்கியிருக்கிறார், அடுத்த சீசனில் கேப் எருமை (ஆப்பிரிக்கக் காட்டெருமை) வேட்டைக்குப் போகிறார். நூறு மீட்டரில் ஒரு இன்ச்சுக்குள் மூன்று குண்டையும் போட எந்த ஸ்கோப் வேண்டும் என்பதுதான் கேள்வி.

எருமைக்கு அந்த ஒரு இன்ச் தேவையே இல்லை தம்பி. பெரும்பாலும் சுடப்போவது நூறு மீட்டருக்குள்தான், புதருக்குள் என்றால் முப்பது நாற்பதிலேயே. நெஞ்சுப் பகுதி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குறையாது. மூன்று இன்ச்சுக்குள் போடும் ரைபிளே போதும். அண்ணன் உயிரும், ரைபிள் இல்லாமல் முன்னால் தடம் பார்த்துப் போகிற ட்ராக்கர் உயிரும் இரண்டாவது தோட்டா சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஏறுகிறதா என்பதில் இருக்கிறது. அதனால் ஸ்கோப்பைக் கடைசியில் பார்ப்போம். பெரிய குழல்துளை (பிக் போர்) ரைபிள்களை ரிப்பேர் செய்யும் பட்டறையில் பிட்டராக இருந்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

முதலில் டம்மி தோட்டா ஐந்து வாங்கச் சொல்லுங்கள். மருந்தும் ப்ரைமரும் இருக்கக்கூடாது, நீளமும் குண்டின் மூக்கும் மட்டும் அசல் போலவே இருக்க வேண்டும். .375-இன் முழு நீளம் அதிகபட்சம் 3.6 இன்ச், அதாவது 91 மில்லிமீட்டர் சொச்சம். சாதாரண ரைபிளின் மேகஸினை நீட்டி இந்தத் தோட்டாவுக்கு மாற்றியிருந்தால் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். அசல் தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) நிறைய டம்மி போட்டு, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை வேகமாக இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்புறம் மெதுவாக, அப்புறம் ரைபிளைச் சாய்த்து. மவுசர் 98-இல் தோட்டா மேகஸினை விட்டு எழும்போதே எக்ஸ்ட்ராக்டர் (வெடித்த கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே தலைகீழாகப் பிடித்தாலும் ஏற வேண்டும். கூர்மூக்கு சாஃப்டில் (பட்டதும் விரியும் குண்டு) நூறு தடவை, தட்டை மூக்கு சாலிடில் (விரியாமல் துளைக்கும் குண்டு) நூறு தடவை. சாஃப்டில் எண்ணெயாக ஓடுகிற ரைபிள் சாலிடில் முட்டிக்கொண்டு நிற்பதுண்டு.

எங்கே முட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். டம்மியின் மூக்கிலும் தோளிலும் கறுப்பு மார்க்கர் தடவி ஒரு தடவை ஏற்றி இறக்குங்கள். மை உரிந்த இடம்தான் தேய்க்கிற இடம். மேகஸினிலிருந்து சேம்பருக்குப் போகும் ஏற்றச் சரிவில் உரிகிறது என்றால் 400 நம்பர் எமரி பேப்பர், அப்புறம் 600, பளபளப்பு வரும்வரை மட்டும். சரிவின் கோணம் மாறக்கூடாது. மேகஸின் வாயின் இரண்டு பக்க உதட்டில் மட்டும் அரம் வைக்கவே கூடாது. அங்கே போன இரும்பு திரும்பி வராது, அதற்கப்புறம் தோட்டா சரியான நேரத்துக்கு முன்னாலேயே துள்ளி எழும்.

கடைசித் தோட்டா மட்டும் சிக்குகிறதா? உதட்டைக் குறை சொல்வதற்கு முன் அடித்தட்டைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். என் மேஜைக்கு வந்த ஒரு .375-இல் முன்னால் சுத்தம் செய்த யாரோ ஸ்பிரிங்கை முன்பின் திருப்பிச் சொருகியிருந்தார்கள். தோட்டாவைத் தாங்கும் ஃபாலோயர் மூக்கைக் கவிழ்த்து நின்றது. மேலே இருந்த தோட்டாக்கள் ஒன்றையொன்று தாங்கி ஏறிவிட்டன, கடைசி ஒன்றுக்கு மட்டும் தாங்கல் இல்லை. கழற்றி மாட்ட இரண்டு நிமிஷம். அதே கோளாறு எருமை முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

இன்னொன்று, இந்த வகை ரைபிளில் தோட்டாவைச் சேம்பருக்குள் கையால் போட்டு போல்ட்டை அறையக்கூடாது. விளிம்பு எக்ஸ்ட்ராக்டருக்கு அடியிலிருந்து ஏற வேண்டும் என்பதுதான் அமைப்பு. முன்னாலிருந்து மோதினால் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடையும். எப்போதும் மேகஸினுக்குள் அழுத்தியே ஏற்ற வேண்டும்.

அடுத்தது கட்டை, அதாவது ரைபிளின் மரப்பாகம். பின்னுதையை வாங்குவது ரிசீவருக்கு (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரீகாயில் லக் என்ற துண்டு. அதன் பின்முகம் முழுசாகக் கட்டையில் பதிந்திருக்க வேண்டும். முன்முகம், பக்கம், அடிப்பாகம் மூன்றிலும் ஒரு டேப் கனம் இடைவெளி இருக்க வேண்டும். பதியாவிட்டால் உதையெல்லாம் ரிசீவரின் வாலுக்குப் போகும், வால் ஆப்பு மாதிரி இறங்கிக் கட்டையைப் பிளக்கும். அதனால் வாலுக்குப் பின்னால் கால் நூல் இடைவெளி, அதாவது முக்கால் மில்லிமீட்டர் அளவு, கட்டாயம் விட வேண்டும். மேகஸின் குழிக்கும் டிரிகர் குழிக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய மரத்தில் தலைமுடி போல விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ஸ்டீல் கலந்த எபாக்ஸியில் பெட்டிங் (இரும்பு உட்காரும் குழியை வார்த்துச் சரிசெய்வது), கட்டைக்குக் குறுக்கே மரையாணி இரண்டு. எபாக்ஸி ஒட்டாமலிருக்க இரும்பில் ரிலீஸ் ஏஜென்ட் தடவ மறந்தால் ரைபிளும் கட்டையும் ஒன்றாகிவிடும், பிறகு உளிதான்.

டிரிகரை இழுக்கும் விசை மூன்று முதல் நாலு பவுண்ட். அதற்குக் கீழே வேண்டாம், பதற்றத்தில் விரல் பட்டதுமே வெடிக்கும். காலி ரைபிளைக் காக் செய்து, சேஃப்டியை எடுத்து, கட்டையின் பின்முனையைத் தரையில் ரப்பர் பாய் மேல் தட்டிப் பார்க்க வேண்டும், போல்ட்டை ஓங்கி மூடியும் பார்க்க வேண்டும். டிரிகரைத் தொடாமலே சுடும் ஊசி விழுந்தால் அது காட்டுக்குப் போகிற ரைபிள் இல்லை. ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா சேம்பரில் தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) மட்டும் அங்குள்ள லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித்திடம் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம். வேட்டை பாவம் என்று கமென்டில் வரப்போகிறவர்களுக்கு: நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் அந்தக் கதை முடிந்தது, முடிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். யாரும் இதை இங்கே முயற்சி செய்யக்கூடாது. அங்கே அனுமதிச் சீட்டு வாங்கி, தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே போகிறார்கள். அரைகுறை ரைபிளோடு போனால் அடிபட்ட எருமை புதருக்குள் கிடந்து துடிக்கும். அதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியவில்லை.

துப்பாக்கியைப் பற்றி வாயைத் திறந்தால் "ஓ, வண்ணாரப்பேட்டையா" என்று ஒரு மாதிரி கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வடசென்னையின் அடையாளம் கத்தியும் துப்பாக்கியும் இல்லை, அரமும் மைக்ரோமீட்டரும். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் ரயில் பெட்டி செய்ய ஆரம்பித்தது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்தார்கள், "துப்பாக்கியைப் போலச் செய்தது" என்பதுதான் அந்தக் கம்பெனியின் பழைய வாசகமே. நூறில் ஒரு மில்லிமீட்டரை விரல் நுனியில் சொல்கிற பிட்டர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சினிமா அவர்களை ஒரு நாளும் காட்டாது. மனசு ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

இப்போது சைட். ஸ்கோப் உடைந்தாலும் இரும்பு சைட் இருக்க வேண்டும். பின் இலையில் அகலமான 'வி', முன்னால் தடித்த வெள்ளை மணி. உயரமான இலையை மாட்டினால் குண்டு மேலே போகும். 'வி'யை அரத்தால் ஆழமாக்க ஆழமாக்க கீழே இறங்கும். கணக்கு சுலபம்: தவறின் அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மேலே, சைட் நீளம் 500 மில்லிமீட்டர் என்றால் ஆழமாக்க வேண்டியது 1 மில்லிமீட்டர். ஒரே மூச்சில் இழுக்காதீர்கள், 0.2 எடுத்து மூன்று சுட்டு, மறுபடி 0.2.

ஸ்கோப் 1-4 அல்லது 1.5-5 பவர், கண்ணுக்கும் லென்ஸுக்கும் குறைந்தது 90 மில்லிமீட்டர் இடைவெளி. குறைந்தால் புருவம் கிழியும். பழைய மவுசரின் சேஃப்டி இறக்கை மேலே நிமிர்ந்து ஸ்கோப்பில் இடிக்கும், பக்கவாட்டில் ஆடுகிற சேஃப்டியாக மாற்றியாக வேண்டும். ஸ்கோப்பைத் தாங்கும் பேஸின் ஸ்க்ரூ 6-48 அளவில் இருந்தால் 8-40 என்ற தடித்த அளவுக்குப் பெரிதாக்கி மறை போடுவது நல்லது, இந்த உதைக்கு மெல்லிய ஸ்க்ரூ அறுந்துவிடும். அசிட்டோனில் எண்ணெய் போக்கி, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு. ரிங் ஸ்க்ரூ 15 முதல் 20 இன்ச்-பவுண்ட், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கு வேண்டாம். ஸ்க்ரூ தலையிலிருந்து ரிங்குக்கு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால் இருபது ரவுண்டுக்கு அப்புறம் எது நகர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரியும்.

300 கிரெய்ன் எடையுள்ள குண்டில் 100 மீட்டருக்கு நேராக வையுங்கள், 50-லும் ஏறக்குறைய அதே இடம்தான். சாஃப்டும் சாலிடும் 50 மீட்டரில் 5 சென்டிமீட்டருக்குள் சேர வேண்டும், சேராவிட்டால் வேறு கம்பெனித் தோட்டா. மணல் மூட்டை ஏற்றிய இரும்பு ஸ்டாண்டில் ரைபிளை அழுத்திப் பிடித்துச் சுடவே கூடாது. பின்னால் நகர வழியில்லாத கட்டை பிளக்கும்.

ஜீரோ ஆனதும், அதாவது குறியும் குண்டும் ஒன்றானதும், மேஜையை மறந்துவிட்டு, மூன்று கால் குச்சியில் வைத்து நின்று பழக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம், தோள் வலித்தால் கண் சிமிட்டும் பழக்கம் வந்துவிடும். ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவை ரைபிளைத் தோளிலிருந்து இறக்காமலே ஏற்ற வேண்டும், போல்ட் பின்னால் போய் "டக்" என்று முட்டும்வரை இழுக்க வேண்டும். இந்தத் தோட்டா நீளம் என்பதால் பாதி இழுத்துத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். புதுத் தோட்டா ஏறாமலே போல்ட் மூடிவிடும், அது அவர்களுக்கே தெரியாது.