“ஒண்ணுமில்லை” என்றால் அவருக்கு ஒன்றுமில்லைதான்

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன். நடுக்கம் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. ஆனால் நான் கோபப்பட்டாலும் கண் கலங்கினாலும் கண்டுகொள்வதே இல்லை. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி கேட்டு அழுதுகொண்டிருக்கிறேன், “காபி ஆச்சா?” என்கிறார். பாசமே போய்விட்டதா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். பார்க்கின்சனில், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் கைகால் அசைவு மட்டும் கெடுவதில்லை. அசைவை ஒழுங்குபடுத்தும் அதே மூளைப் பகுதிகளுக்கு, எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பையும் குரலின் தொனியையும் புரிந்துகொள்வதிலும் பங்கு உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் இது வருவதில்லை. வருகிறவர்களில் பலர் சிரிப்பை அடையாளம் கண்டுகொள்வார்கள். கோபம், பயம், வருத்தம் இவற்றில்தான் தடுமாறுவார்கள்.

நம் வீடுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். மனதில் இருப்பதை நாம் எங்கே வாய்விட்டுச் சொல்கிறோம்? தட்டை ணங்கென்று வைத்து “சாப்பிடுங்க” என்போம். “என்னாச்சு?” என்றால் “ஒண்ணுமில்லை” என்போம். சொல் ஒன்று, தொனி வேறு. தொனி போய்ச் சேராதவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

ஆகவே தொனியில் வைத்ததைச் சொல்லில் வையுங்கள். நடந்தது, மனநிலை, அவரிடம் வேண்டியது என்று மூன்றே சின்ன வாக்கியம்: “தம்பியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க.” மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவோம், அது சொல்லாமலே தெரியவேண்டும் என்று. சொன்னபிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்த நோயில் யோசனையும் மெதுவாகும். மூன்றாவது விநாடியிலேயே “பாத்தீங்களா, ஒரு வார்த்தை வரல” என்றால், வரவிருந்த பதிலும் நின்றுவிடும்.

பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். மங்கலில் உருவத்தைப் பிரித்துப் பார்க்கும் திறனும் இவர்களுக்குக் குறையக்கூடும். டிவியை அணைத்துவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது முக்கியமான பேச்சை எடுக்காதீர்கள். கவனம் சிதறினால் விழுந்துவிடக்கூடும்.

நேரமும் பார்க்க வேண்டும். பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். அடுத்த வேளை நெருங்கும்போது வேகம் இறங்கும். ஒரு வாரம் மாத்திரை நேரத்தையும் அவர் தெளிவாக இருந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். கனமான பேச்சுக்கு அந்தத் தெளிந்த நேரமே சரி. டாக்டருக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்க்கின்சன் அவர் முகத்தையும் இறுக்கிவிடும், குரலைத் தணித்துவிடும். உள்ளே கலங்கியிருந்தாலும் வெளியே கல்லாகத் தெரிவார். நீங்களும் அவரைத் தவறாகப் படித்துக்கொண்டிருக்கலாம். “மனசுக்குக் கஷ்டமா இருக்கா?” என்று நேராகக் கேளுங்கள். அவரும் “கோபமா, அசதியா?” என்று கேட்டுப் பழகட்டும், அப்படிக் கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். “நான் எப்படி இருக்கேன், சொல்லுங்க பாப்போம்” என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மனச்சோர்வோ, எதிலும் நாட்டமில்லாத நிலையோ இதே மாதிரி தெரியும். இரண்டுமே பார்க்கின்சனில் சகஜம். கண்புரை, காது மந்தம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் உண்டாக்கலாம், அது சீட்டில் இருந்தால் கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த மாற்றம் மாதக்கணக்கில் மெல்ல வந்திருந்தால் அடுத்த சந்திப்பு வரை பொறுக்கலாம். இரண்டு மூன்று நாளில் திடீரென வந்ததென்றால் பொறுக்காதீர்கள்: சிறுநீர்த் தொற்றோ புதிதாகச் சேர்த்த மருந்தோ காரணமாக இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.