பைத்தான் வெளியீட்டில் எண்ணும் எழுத்தும்: தொடக்கநிலையினருக்கான கேள்வி பதில்

கேள்வி: 0.1, 0.2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையை அச்சிட்டால் 0.30000000000000004 என வருகிறது. இரண்டு தசம இடங்களோடு நிறுத்துவது எப்படி?

பதில்: மேற்கோள் குறிக்கு முன் ‘எஃப்’ எழுத்தை இட்டு, உள்ளே நெளிவு அடைப்பில் மாறியின் பெயரையும், அதையடுத்து முக்காற்புள்ளி, புள்ளி, 2, மீண்டும் ‘எஃப்’ ஆகியவற்றையும் இடைவெளியின்றி எழுதினால் 0.30 கிடைக்கும். எஃப்-ஸ்ட்ரிங் எனப்படும் இம்முறை, 2016 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.6 பதிப்பில் அறிமுகமானது. இதனால் மாறுவது திரையில் தெரியும் உருவம் மட்டுமே. மாறியிலுள்ள மதிப்பு அப்படியே இருக்கும்.

கேள்வி: அவ்வாறு வடிவமைத்த இரு தொகைகளைக் கூட்டினால் 100.5050.25 என்று வருகிறதே?

பதில்: வடிவமைத்தபின் கிடைப்பது எண் அன்று, ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர். இரு ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கணக்கை எல்லாம் எண்களிலேயே முடித்துவிட்டு, அச்சிடும் வரியில் மட்டும் வடிவமையுங்கள்.

கேள்வி: இரண்டு தசம இடங்களோடு அச்சிட்டால் 2.675 ஏன் 2.68 ஆகாமல் 2.67 ஆகிறது?

பதில்: இரும எண்முறையில் 2.675 என்பதைத் துல்லியமாகச் சேமிக்க இயலாது. தசம இடங்களை 20 ஆக்கி அச்சிட்டால், உள்ளே உண்மையில் இருப்பது 2.67499999999999982236 என்பது தெரியவரும்; அந்த எண்ணுக்கு 2.67 என்பதே சரியான விடை. பணக் கணக்கு எழுதுவோர், தசம எண்களை அப்படியே சேமிக்கும் டெசிமல் தொகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துவேன். மதிப்பை மேற்கோள் குறிக்குள் கொடுப்பதும் அவசியம், இல்லையேல் பழைய பிழை அப்படியே உள்ளே வந்துவிடும். ஆனால் டெசிமலும் சரிபாதி வரும்போது இரட்டைப்படை இலக்கத்தை நோக்கியே முழுமையாக்கும் என்பதால், 2.675 என்பது 2.68 ஆகும், 2.665 என்பதோ 2.66 ஆகும். உங்கள் பில்லில் பாதி எப்போதும் மேலே போக வேண்டுமானால், அதற்குரிய முழுமையாக்கும் முறையை நீங்களே குறிப்பிட வேண்டும்.

கேள்வி: லட்சம், கோடி முறையில் காற்புள்ளி இடுவது எப்படி?

பதில்: முக்காற்புள்ளிக்குப் பின் காற்புள்ளி இட்டால் 12345678 என்பது 12,345,678 ஆகும், அது மில்லியன் முறை. 1,23,45,678 வேண்டுமானால், நாடு, மொழி சார்ந்த வழக்கங்களைத் தரும் லோகேல் தொகுதியில் இந்திய ஆங்கில அமைப்பைத் தேர்ந்து, காற்புள்ளிக்குப் பதிலாக ‘என்’ எழுத்தை இட வேண்டும். முழு எண்களுக்கு இது போதும். ஆனால் அந்த அமைப்பு உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: பெயர்ப் பட்டியலில் :<10 என அகலம் கொடுத்தும், தமிழ்ப் பெயர்களுக்குப் பின் வரும் மதிப்பெண்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை.

பதில்: உங்கள் நிரலில் தவறில்லை. பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை, அதாவது எழுத்துகளையும் குறிகளையும் கணினி சேமிக்கும் தனித்தனி அலகுகளை. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அன்று. ‘தமிழ்’ என்பதில் நாம் காண்பது மூன்று எழுத்துகள். பைத்தானோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாக எண்ணி, ஐந்து இடைவெளிகளை மட்டுமே சேர்க்கிறது. குறிகளைக் கழித்து எண்ணினாலும், தமிழ் எழுத்துகள் திரையில் ஒரே அகலம் கொண்டவையல்ல என்பதால் நேர்கோடு முழுமையாக அமையாது. எளிய வழி, வரிசை எண்ணையும் மதிப்பெண்ணையும் :>5 என வலப்பக்கம் ஒதுக்கி முதலில் அச்சிட்டு, பெயரைக் கடைசிப் பத்தியில் வைப்பதே. பெயருக்குப் பின் எதுவும் இல்லாததால், அதன் அகலம் எதையும் நகர்த்தாது.